தொண்ணூறு நிமிடப் பிள்ளை

"ஆண்டு 31, நாள் 412. இன்று ஒரு சிறிய தவறு. உடற்பயிற்சியை நின்ற நேரத்தில் தொடங்கிவிட்டேன். எதுவும் பதிவாகவில்லை. தவறியது: பன்னிரண்டாவது முறை. நாளை: காலை ஒன்பதுக்கே தொடங்க வேண்டும்."

இளவெயினி எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, 'சிறிய' என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. புதுத் தாய்மார்களுக்கான மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை அது: நாள், செய்தது, தவறியது, நாளை. தவற்றை எழுதிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். அவளுக்கு இதுவரை எதுவும் இறங்கியதாகத் தெரியவில்லை.

செவ்வாயில் ஒரு நாள் என்பது பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். கீழ்வானம் குடியிருப்பை அமைத்தவர்கள் இந்த உபரியை என்ன செய்வதென்று மூன்று மாதம் கூடிப் பேசினார்கள். கடைசியில், பகல் இரண்டு மணிக்கு எல்லாக் கடிகாரங்களையும் முப்பத்தொன்பது நிமிடம் நிறுத்தி வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு நின்ற நேரம் என்று பெயர். அப்போது அலுவலகம் இல்லை, வகுப்பு இல்லை. கருவிகள் எல்லாம் பதிவை நிறுத்திவிட்டுத் தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த நேரம் இரண்டு மணி என்றே எழுதுவார்கள்.

ஆறு வருடமாக அங்கே இருக்கிற ஒருத்திக்கு இது மறந்துபோகக் கூடாது. ஆனால் அன்றைக்குக் குயிலி அதிசயமாகத் தூங்கிவிட்டாள். நான்கு மாதக் குழந்தை தூங்கும்போது தாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றாது. இளவெயினி பூனைபோல நடந்துபோய், இழுவைச் சட்டத்தின் மேல் உலரப் போட்டிருந்த அரைத்துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பட்டைகளைத் தோளிலும் இடுப்பிலும் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அரை மணி நடந்த பிறகு, குழந்தை விழித்து அழுதபோதுதான் குனிந்து காலைப் பார்த்தாள். காலெண்ணியில் பச்சை விளக்கு எரியவே இல்லை.

இழுவைச் சட்டம் இல்லாத வீடு கீழ்வானத்தில் கிடையாது. செவ்வாயில் மனிதனுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான எடைதான். சும்மா இருந்தால் எலும்பு கரைந்துவிடும். சட்டத்தின் பட்டைகள் உடம்பைத் தரையை நோக்கி இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராக நடக்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். தினம் தொண்ணூறு நிமிடம். கணுக்காலில் கட்டியிருக்கும் காலெண்ணி, அதன் கொக்கி சட்டத்தில் மாட்டியிருந்தால் மட்டும் எண்ணும்.

அறுபது நாளில் பன்னிரண்டு தவறலாம். பதின்மூன்றாவது தவறினால் 'தேய்ந்தவர்' பட்டியலில் பெயர் ஏறிவிடும். தேய்ந்தவர்கள் குழந்தையைத் தூக்கக் கூடாது. எலும்பு முறிந்து பிள்ளையைக் கீழே போட்டுவிடுவார்கள் என்பது தேகநல இயக்ககத்தின் கவலை. குழந்தை தொண்ணூறு நாள் பிள்ளைக்கூடத்தில் இருக்கும். தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சாயங்காலம் பனிச்சுரங்கத்திலிருந்து வந்த அவள் கணவன் மருதன் காலணியைக் கழற்றும்போதே கேட்டான்.

"இன்னிக்கு ஆச்சா?"

"அரை மணி ஆச்சு. நின்ற நேரத்துல."

மருதன் ஒரு காலணியோடு நிமிர்ந்து பார்த்தான். "நின்ற நேரத்துலயா? ஏன்டி, பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"பச்சப் புள்ளைதான் தூங்குச்சு. அதான் செஞ்சேன். கொஞ்சம் இவளப் பிடிங்க. இப்ப செஞ்சா இன்னிக்குக் கணக்குல சேந்துடும்."

"தோள் விட்டுப்போச்சு வெயினி. சுரங்கத்துல இன்னிக்குப் புது மேற்பார்வைக்காரன். பயிற்சியத் தொண்ணூறு நிமிஷம் விடாம வாங்கிட்டான். அஞ்சு நிமிஷம் சாஞ்சுட்டு வாங்கிக்கறேன்."

ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய எலும்பு மதிப்பெண் சுரங்கத்திலேயே இரண்டாவது. குயிலி எடைச்சட்டையோடு பதினெட்டு கிலோ. ஏழு கிலோ அவளுடையது, மீதி சட்டையில் தைத்த உலோக மணிகள். வளரும் எலும்புக்கு எடை என்றால் என்னவென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த மூன்றாம் நாளே போட்டுவிட்ட சட்டை. படுக்க வைத்தால் அழுவாள். உட்கார்ந்தால் அழுவாள். தூக்கிக்கொண்டு நடந்தால் மட்டும் பேசாமல் தோளில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். இளவெயினி நடந்தாள். சுவரிலிருந்து சுவருக்குப் பதினொரு அடி.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். தவறிய நாள் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் மாவு வாங்க வந்தவள் ரகசியத்தைச் சொன்னாள்.

"துணி உலர்த்தற உருளை இருக்குல்ல? அதுல காலெண்ணியக் கட்டி, கொக்கிய இழுத்துச் சட்டத்துல மாட்டிடு. ஒரு ஓட்டம் தொண்ணூறு நிமிஷம். போன மாசம் அது ஓடின வேகத்துக்கு எனக்குப் பாராட்டு மடல் வந்துச்சு."

"பிடிச்சுட மாட்டாங்களா அக்கா?"

"யாரு பிடிப்பா? பிடிக்க வர்றவன் வீட்டுலயும் உருளை இருக்கே."

இளவெயினி சிரித்தாள். ஆனால் செய்யவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை என்று சொல்ல முடியாது. பொய் சொன்னால் அதையும் குறிப்பேட்டில் ஒழுங்காக எழுத வேண்டும்; எந்த வரியில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் எப்படியோ நடந்தது. நாள் 416இல் குயிலிக்குத் தடுப்பூசி. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் கண்டது. அன்று முழுக்க இளவெயினி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குனிந்தாள், எழுந்தாள், ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் நீர் பிடித்தாள், முழங்காலிட்டுத் துடைத்தாள், மறுபடி எழுந்தாள். காலெண்ணி கணுக்காலில் விளக்கில்லாமல் கிடந்தது. கொக்கியை மாட்ட ஒரு கை மீதம் இருக்கவில்லை.

"தவறியது: பதின்மூன்றாவது முறை," என்று எழுதினாள். நாளை என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "தேகப் பரிசோதகர் வருகை" என்று மட்டும் எழுதினாள். அழுகை வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். வரவில்லை. குயிலியின் துணிகளை மடித்து ஒரு பைக்குள் வைத்தாள்.

பரிசோதகர் திருமேனி அவளைவிட இளையவர். வாசலில் நின்று, "மன்னிச்சுக்கங்கம்மா, விதிப்படி வர வேண்டியிருக்கு," என்றார். பையைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டியலில் ஏற்றும் முன் எலும்பை ஒருமுறை படம்பிடிக்க வேண்டும் என்பது நடைமுறை. கைக்கருவியை அவளுடைய இடுப்பிலும் தொடையிலும் முதுகுத்தண்டிலும் ஓட்டினார். பிறகு கருவியை உதறிவிட்டு மறுபடி ஓட்டினார்.

"அம்மா, நீங்க எங்க பயிற்சி செய்யறீங்க?"

"அதான் செய்யலைங்களே. பதிமூணு தவறியாச்சு."

"இல்ல, ஏதோ செய்யறீங்க. எனக்கே இப்படி ஒரு இடுப்பெலும்பு கிடையாது. இந்தக் குடியிருப்புலயே கிடையாது. பூமியில இருந்து நேத்து வந்து இறங்கின ஆள் மாதிரி இருக்கு."

"ஒண்ணும் செய்யலைங்க. புள்ளையத் தூக்கிட்டு நடப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

இளவெயினி யோசித்தாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. "அவ முழிச்சிருக்கற நேரம்," என்றாள்.

திருமேனி குயிலியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "அம்மாடி!" என்று முழங்கால் மடிந்து சமாளித்துக்கொண்டார். குயிலி அவரைப் பார்த்து வாயைக் கோணினாள். அவர் கண்கள் பளபளத்தன. பதினைந்து வருடமாக இயக்ககம் இழுவைச் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. விடை இங்கே எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இவள எடுத்துட்டுப் போக மாட்டீங்களா?" என்று இளவெயினி கேட்டாள்.

அவர் முகம் மாறியது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா பட்டியல் எலும்பைப் பார்த்துப் போடறதில்லை, பதிவைப் பார்த்துத்தான். புள்ளை தூக்கறது வீட்டு வேலை. வீட்டு வேலை பயிற்சி ஆகாதுன்னு நாலாவது விதியிலேயே இருக்கு." கருவியை மடக்கி வைத்தார். "பத்து நாள் பொறுங்க. மேல எழுதிப் பார்க்கறேன். நீங்க செய்யறதைக் கணக்குல சேர்க்க வழி இருக்கும்."

அந்தப் பத்து நாளும் துணிப்பை வாசலருகிலேயே இருந்தது. இளவெயினி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

வழி இருந்தது. பதினோராவது நாள் சுற்றறிக்கை வந்தது. பிள்ளையைத் தூக்கி நடப்பதே செவ்வாயில் எலும்புக்குச் சிறந்த பயிற்சி என்று இயக்ககம் கண்டறிந்திருக்கிறது. இனி குடியிருப்பு முழுவதும் இழுவைச் சட்டத்துக்குப் பதிலாக மழலைச்சுமை. பதினெட்டு கிலோ எடையில் ஒரு பிள்ளை வடிவம். தலை தொங்கும், கழுத்தைத் தாங்க வேண்டும். ஆட்டுவதை நிறுத்தினால் அழும். உள்ளேயே எண்ணி பொருத்தப்பட்டிருக்கும். சுற்றறிக்கையின் கடைசியில் இளவெயினியின் பெயர் நன்றியோடு குறிப்பிடப்பட்டிருந்தது. அவளுடைய பதின்மூன்று தவறல்களும் நீக்கப்பட்டன. அடுத்த அறுபது நாள் மழலைச்சுமையைத் தவறாமல் செய்தால் போதும், குழந்தை அவளிடமே இருக்கலாம்.

மழலைச்சுமையைத் திருமேனியே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே இரண்டு கை, நான்கு சக்கரத்தோடு ஓர் இயந்திரச் செவிலியும் வந்தது.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"நீங்க பயிற்சி செய்யும்போது பாப்பாவைத் தூக்கி வச்சுக்க."

"நான் பாப்பாவையே தூக்கிட்டு நடந்தா ஆகாதா?"

"பாப்பா எடை தினம் மாறுதேம்மா. பால் குடிச்சா ஒரு எடை, ஈரம் பண்ணினா ஒரு எடை. அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? அப்புறம், பாப்பாவுக்குள்ள எண்ணி கிடையாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஒரே வாரத்தில் கீழ்வானத்தின் நடைபாதைகள் மாறிவிட்டன. கல்யாணமாகாத பொறியாளர்கள், வாழ்நாளில் பிள்ளை பக்கமே போகாத கணக்காளர்கள், ஓய்வுபெற்ற விமானிகள் எல்லாரும் காலையும் மாலையும் தோளில் மழலைச்சுமையோடு போனார்கள். முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நின்று பேசும்போதும் உடம்பு தானாக ஆடியது. "என்னோடது இப்பல்லாம் அழறதே இல்லைங்க," என்று ஒருவர் பெருமைப்பட்டுக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா தன்னுடையதை உருளைக்குள் போட்டுப் பார்த்தாள். அது கத்திய கத்தலில் நான்கு வீட்டுக்காரர்கள் ஓடிவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அவளும் நடக்க ஆரம்பித்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பின்னால் அவள் உடையைப் பிடித்துக்கொண்டு, தூக்கு தூக்கு என்று அழுதபடி வந்தன. "இரு, முடிச்சுட்டு வர்றேன்," என்றாள்.

மருதன் சுரங்கத்திலிருந்து வந்து நாற்காலியில் சரிந்தான்.

"தொண்ணூறு நிமிஷம் புள்ளையத் தூக்கினேன் வெயினி. இடுப்பு போச்சு. நீங்கல்லாம் எப்படித்தான் சமாளிக்கறீங்களோ."

குயிலி அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். இளவெயினி அவளை அவன் பக்கம் கொண்டுபோனாள்.

"அஞ்சு நிமிஷம்," என்றான் மருதன்.

மறுநாள்தான் அவளுடைய அறுபது நாளில் முதல் நாள். காலை ஒன்பது மணிக்கு இளவெயினி குயிலியைச் செவிலியின் கைகளில் வைத்தாள். செவிலியின் கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குயிலி அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். இளவெயினி மழலைச்சுமையை எடுத்துத் தோளில் சாய்த்தாள். அதுவும் அழுதது. அவள் சுவரிலிருந்து சுவருக்கு நடந்தாள். தோளில் இருந்தது ஓய்ந்தது. செவிலியிடம் இருந்தது ஓயவில்லை. திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒருமுறை நின்றாள். நின்றதும் தோளில் அழுகை கிளம்பியது, சுமையின் பச்சை விளக்கு அணையப்போவதுபோல் மினுங்கியது. அவள் மறுபடி நடந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் இரண்டு அழுகையும் அவளுக்குக் கேட்கவில்லை. தொண்ணூறாவது நிமிடத்தில் மணி அடித்தபோது குயிலி செவிலியின் உலோகத் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று இளவெயினி விட்டுவிட்டாள்.

சாயங்காலம் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"ஆண்டு 31, நாள் 436. செய்தது: தொண்ணூறு நிமிடம். தவறியது:"

இங்கே வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எதுவும் இல்லை" என்று எழுதினாள். பயிற்சி தவறாத நாட்களிலும் அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒரு தவறு இருக்கும்; குறிப்பேடு தொடங்கியதிலிருந்து அப்படி எழுதுவது அதுதான் முதல் முறை. வாசலருகே இருந்த பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து, கடைசி வரியை எழுதினாள்.

"நாளை: காலை ஒன்பதுக்கு மழலைச்சுமை. பகல் இரண்டு மணிக்குக் கடிகாரம் நின்றதும் குயிலியைத் தூக்க வேண்டும்."