பதினொரு மணிக்குப் பொம்மை விழும்

வாக்கி டாக்கி கரகரத்தது.

"பொம்மையைத் தள்ளப்போறேன்... ஒத்திகைதான். நான் விசில் அடிச்சப்புறம் படகை எடுத்தா போதும்."

மேஸ்திரியின் குரல். மணி பதினொன்று.

அவள் காலடியில் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தாள். கை இன்ஜின் சாவிக்குப் போனது!

பாதி எழும்பிய பாலத்துக்கு அடியில் மீட்புப் படகோடு காத்திருப்பது அவள் வேலை. மேலேயிருந்து யாராவது ஆற்றில் விழுந்தால் தூக்க வேண்டும். விழாதவரை கொட்டாவி விட வேண்டும். மாதம் ஒருமுறை வைக்கோல் அடைத்த ஆளுயரப் பொம்மையைத் தள்ளிவிட்டு, எத்தனை நிமிடத்தில் தூக்குகிறாள் என்று கடிகாரம் பார்ப்பார்கள்.

மேலே வெல்டிங் வைப்பது அவள் புருஷன். காலையில்தான் சண்டை. சட்டைப் பைக்கு ஒரு பொத்தான் கேட்டான். நேரமில்லை என்று கிளம்பி வந்துவிட்டாள்.

பாலத்தின் விளிம்பிலிருந்து ஓர் உருவம் கழன்றது.

மஞ்சள் ஹெல்மெட்... ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்... ஒரு கை மூக்கைப் பொத்தியிருந்தது!

தண்ணீரில் விழுந்தால் முதலில் மூக்கைப் பொத்தணும் என்று புருஷனுக்கு நூறு தடவை பாடம் எடுத்தவள் அவள்தான்.

தொம்!

விசில் வரவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இன்ஜின் அலறியது.

ஜாக்கெட் போட்டவன் மிதக்க வேண்டும். இவன் கல்லாட்டம் முங்கினான். ஒரு கை மேலே வந்தது... போனது... கொக்கிக் கம்பை நீட்டிக் காலரோடு இழுத்துப் படகில் போட்டாள்.

"ஏங்க... மூச்சு விடுங்க. விடுங்கன்னா விடுங்க."

முதுகில் நாலு அறை. அரை ஆற்றைக் கக்கிவிட்டு அவன் இருமினான். அவள் ஓவென்று அழுதாள். பிறகு ஜாக்கெட்டைக் கிழித்துப் பார்த்தாள். உள்ளே மிதக்கும் பஞ்சுப் பலகை இல்லை. பழைய சாக்குத் துண்டுகள்!

தகவல் போய், கரையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். வெல்டர் விஷயத்தைச் சொன்னான். போன வாரம் ஒருத்தனுடைய பாதுகாப்பு பெல்ட்டின் கயிறு அறுந்து கால் முறிந்தது. உளுத்த கயிற்றைப் புதுசு என்று மாட்டிவிட்டவர் மேஸ்திரி. அறுந்த துண்டை இவன் எடுத்து வைத்திருந்தான், இன்று ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் கொடுக்க. இன்று மேஸ்திரியே புது ஜாக்கெட் என்று ஒன்றைக் கொடுத்தார். பெல்ட் கொக்கியைக் கழற்றி அடுத்த தூணுக்கு மாற்றச் சொன்னார். கழற்றியதும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. யாரென்று பார்க்கவில்லை. பொத்தான் இல்லாத பையிலிருந்த துண்டும் ஆற்றோடு போயிற்று.

மேஸ்திரி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

"ஜாக்கெட் குடோன்ல இருந்து வந்தது, சார். நான் தள்ளினது பொம்மையைத்தான். ரேடியோல சொல்லிட்டுத்தான் தள்ளினேன், எல்லாரும் கேட்டாங்க. அதே நேரம் இவன் எங்கயோ கால் தவறி விழுந்திருக்கான்."

"அப்ப பொம்மை எங்க?"

"ஆத்தோட போயிருக்கும் சார். என் கண்ணால பார்த்தேன், மிதந்துதான் போச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"சத்தியமா!"

அவள் படகிலிருந்த தார்ப்பாயை உருவினாள்.

பொம்மை படுத்திருந்தது! தோளில் ஊசியும் நூலும் தொங்கின.

போன ஒத்திகையில் அதன் கை பிய்ந்துவிட்டதாம். நேற்று சாயங்காலமே அதை வைக்கும் பாதுகாப்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து தைத்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெட்டியை ஒரு நாளாவது திறந்து பார்த்திருந்தால் மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும்.

மேஸ்திரி ஓரடி பின்வாங்கினார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை போட்டு ஜீப்பைக் காட்டினார்.

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த வெல்டர் பொம்மையின் தோளைத் தடவிப் பார்த்தான். நெருக்கமான தையல்.

"பார்த்தீங்களா சார்? புருஷன் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க நேரமில்லையாம்... இவனுக்கு முழுக் கையே தைச்சிருக்கா!"