ராணியின் பேரில் போன எச்சில்

ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடை ராஜமாணிக்கத்துக்குத் துணி விற்பதைவிட அடுத்தவர் சிக்கலைப் பிரிப்பதில்தான் ருசி. பக்கத்து மருந்துக்கடை உமேஷுக்கோ அந்த மாதிரி நேரத்தில் அவர் கூடவே இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஆகவே, ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாணி கலங்கிய முகத்தோடு வந்து நின்றதும், கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு ஓடிவந்தான்.

"எங்க நாய் ராணி போட்ட குட்டிங்களுக்கெல்லாம் வீடு பேசி வெச்சிருந்தேன் அண்ணா," என்றாள் வாணி. "பரம்பரை நோய் இருக்குதான்னு பாக்கலாம்னு டெஸ்டுக்கு அனுப்பினோம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, ராணி கன்னத்துக்குள்ள பஞ்சைத் தேய்ச்சு அனுப்பினா போதும். இப்ப கண்ணு மங்குற நோய் இருக்குன்னு வந்திருக்கு. யாருமே குட்டி வாணாங்கறாங்க. ஆனா ரிப்போர்ட்ல ஆண் நாய்னு போட்டிருக்கு."

"குட்டி போட்ட ஆண் நாயா?" என்றான் உமேஷ்.

"பக்கத்து வீட்டு திலீப்தான் மாத்தியிருப்பாரு. கொரியர்ல போட்டது அவரு. குட்டி கேட்டாரு, நான் இல்லேன்னுட்டேன்."

"கவரை ஒட்டினது யாரும்மா?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"எங்க வீட்டுக்காரரு. ஒட்டு மேல கையெழுத்தும் போட்டாரு. பிரிக்காமதான் வந்துதுன்னு லேப்ல சொன்னாங்க."

திலீப் கவரை ஆவியில் காட்டிப் பிரித்திருப்பான் என்று வாணி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உமேஷ் வாதாடினான்.

வாணியின் கணவன் மனோகர் அவர்களை உட்கார வைத்தான். "பஞ்சு நான்தான் எடுத்தேன் சார். வாணி வேலைக்குப் போயிருந்தா. ராணி சமத்தா வாயைத் திறந்துச்சு," என்றவன் காபி கொண்டுவரக் கிளம்பினான். சமையலறை வாசலில் குட்டிகளோடு படுத்திருந்த ராணி பல்லைக் காட்டி உறுமியது. மனோகர் சத்தமில்லாமல் வெளியே போய்க் கொல்லைப்பக்கமாக நுழைந்தான்.

வாணி கூப்பிட்டனுப்ப, திலீப் தன் நாய் ஜாக்கியோடு வந்தான். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கி வாசல் வாளியில் நேராகப் போய் மோதியது. "சாயங்காலம் ஆனா இதே திமிருதான் இவனுக்கு," என்று திலீப் அதட்டினான். ஜாக்கி எதையோ கவ்வி மென்றது. காபியோடு வந்த மனோகர் டம்ளர்களை வைத்துவிட்டு, அதன் வாய்க்குள் விரலைவிட்டுப் பிளாஸ்டிக் துண்டை எடுத்துப் போட்டான்.

ராஜமாணிக்கம் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"திலீப் கைக்குக் கவர் வந்தது ஒட்டினதுக்கு அப்புறம். ஒட்டு பிரியல. அப்ப மாறினது அதுக்கு முன்னாடி, இந்த வீட்டுக்குள்ள. அந்த நேரம் இருந்தது மனோகர் மட்டும். ராணிக்குப் பயந்து காபிக்கே சுத்திப் போற ஆளு அது வாயில பஞ்சு விட்டிருப்பாரா? ஜாக்கி வாய்க்குள்ள விரலே போகுது."

மனோகர் தலைகுனிந்தான். "குட்டி போட்டதுல இருந்து கிட்டயே விடல சார். ஷிஃப்டுக்கு ஆள் வரலேன்னா பக்கத்து ஆளை இறக்குற மாதிரி ஜாக்கிகிட்ட எடுத்துட்டேன். நாய் எச்சில்தானே, எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சேன்."

"ஜாக்கி குட்டிங்களுக்கு அப்பனா இருந்தா?" என்று பதறினான் உமேஷ்.

"சின்னதுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு," என்ற திலீப் திடீரென்று நிறுத்தினான். "அப்ப இன்னா, ரிப்போர்ட்டு இவனோடதா?"

"ஆமா. திமிரு இல்ல திலீப். பொழுது சாஞ்சா அவனுக்குக் கண்ணு தெரியல," என்றார் ராஜமாணிக்கம்.

திலீப் மண்டியிட்டு ஜாக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "இத்தினி நாளா இவனைத் திட்டினேனே," என்றான். வாணிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் வாளியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்தாள்.

அடுத்த முறை வாணியே ராணியை மடியில் போட்டுப் பஞ்சு எடுத்தாள். நோய் இல்லை என்று வந்தது. குட்டிகள் பேசிய வீடுகளுக்குப் போயின. ஒன்று மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. இப்போதெல்லாம் வெளிச்சம் குறையும் முன்பே திலீப் வீட்டு வாசல் விளக்கு எரிகிறது. அவன் வர நேரமானால் மனோகர் போய்ப் போடுகிறான்.