யானைத் தலைக்குள் ஐந்து நிமிடம்

ஊதினால்தான் கதவு திறக்கும். செவ்வாயின் மூன்றாம் குடியேற்ற நகரில் எல்லோரும் காலையில் செய்கிற காரியம் அது. வாசல் நிலையில் பதித்திருக்கும் சிறு குழாயில் ஒரு மூச்சு விட்டால் போதும். ஊதியவர் யார், இந்த நகரத்துக் காற்றைச் சுவாசிக்க அவருக்கு இன்னும் எத்தனை நாள் உரிமை இருக்கிறது என்பதைக் கதவே சொல்லிவிடும். பல் தேய்ப்பதைப் போல அதையும் யோசிக்காமல் செய்வார்கள்.

அன்று ஜெசிந்தா ஊதியதும், "இன்னும் பதினொரு நாள். பயணம் இனிதாகட்டும்" என்றது கதவு.

அடுத்து அவள் மகள் மரீனா ஊதினாள். ஒன்பது வயது. "நிரந்தரம்" என்றது கதவு.

மரீனா செவ்வாயில் பிறந்தவள். இங்கே பிறந்த பிள்ளைகளின் எலும்பு பூமியின் இழுவிசையைத் தாங்காது. அவர்களை எங்கும் அனுப்ப முடியாது. ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பாசிப் பண்ணை வேலைக்கு வந்தவள். பண்ணையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. வேலை இல்லாதவர் தொண்ணூறு நாளுக்கு மேல் இங்கே மூச்சு விடக்கூடாது என்பது சட்டம். கணவன் போன ஆண்டு கூரைப் பணியில் விழுந்து இறந்துவிட்டான். பதினொரு நாளில் வேலை கிடைக்காவிட்டால் அவள் கப்பலேற வேண்டும். மகள் நகரத்தின் பிள்ளைகள் விடுதிக்குப் போவாள். அதற்குப் பிறகு இருவரும் திரையில்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. 'பூமிச் சோலை' என்ற கேளிக்கைப் பூங்காவில் யானை வேடம் போட ஆள் எடுத்தார்கள்.

நகரத்தில் மனிதருக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்திருந்த வேலைகளில் அதுவும் ஒன்று. முதலில் எந்திரங்களைத்தான் வேடத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் வயிற்றைக் குத்திப் பார்த்து, "உள்ளே யாருமில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உள்ளே ஓர் ஆள் வேர்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

தேர்வுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். ஜெசிந்தா ஐந்தாவது. பள்ளி விடுமுறை என்பதால் மரீனாவையும் கூட்டி வந்து பார்வையாளர் அரங்கின் மூன்றாம் வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

உடை மாட்டிவிடும் பெண் சுபைதா யானைத் தலையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு விதிமுறைகளைச் சொன்னாள். "இந்த யானை பேரு டுமுக்கு. டுமுக்கு பேசமாட்டான். சின்னச் சத்தம்கூட வெளிய வரக்கூடாது. அதுக்குத்தான் தலையை இறுக்கிப் பூட்டுறோம். கொக்கி பின்கழுத்துல இருக்கு. இந்தக் கையுறை மாட்டுனா அதை நீங்களே கழற்ற முடியாது, நான்தான் கழற்றணும். முதுகுல காற்றூட்டி இருக்கு. அது ஓடிக்கிட்டே இருக்கும், பயப்படாதீங்க."

"இதுக்குள்ள நிக்கப் பயமாத்தான் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. பூமியிலிருந்து வந்த கப்பலில் ஏழு மாதம் ஆளுயரப் பெட்டியில் படுத்து வந்ததிலிருந்து, மூடிய இடம் என்றால் அவளுக்கு நெஞ்சு அடைக்கும். லிஃப்டில்கூட ஏறமாட்டாள்.

"அஞ்சு நிமிஷந்தானே அக்கா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

தலை இறங்கியது. கொக்கி 'டக்' என்று விழுந்தது. உலகம் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. யானையின் வாய்க்குள் இருந்த கறுப்பு வலை வழியாகத்தான் இனிப் பார்க்க வேண்டும். தன் மூச்சு தன் முகத்திலேயே வந்து மோதுவதை உணர்ந்தாள். முதுகில் காற்றூட்டி வண்டுபோல ரீங்கரித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மேடைக்கு நடந்தாள்.

முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். அரங்கின் இருட்டில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் எரிந்தன. எல்லாம் விழிப்பதிவிகள். அந்நகரில் ஐந்து வயதானதும் கருவிழி மேல் ஒரு மெல்லிய வில்லையைப் பொருத்திவிடுவார்கள். இரண்டு முறை இமைத்தால் பார்ப்பதெல்லாம் பதிவாகும். கண்ணோரத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

ஜெசிந்தா தும்பிக்கையை ஆட்டினாள். பின்பக்கத்தை ஆட்டினாள். தாளத்துக்கு ஒற்றைக் காலில் சுற்றினாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு முன் ஆடிய நான்கு பேரும் இதையேதான் செய்திருந்தார்கள்.

இரண்டாவது நிமிடத்தில் ரீங்காரம் நின்றது.

முதலில் அது தன் காதின் கோளாறு என்று நினைத்தாள். பிறகு கழுத்தோரம் பட்டுக்கொண்டிருந்த குளிர்ச்சி போய்விட்டதை உணர்ந்தாள். மூச்சை இழுத்தாள், சூடாக, ஏற்கெனவே விட்ட மூச்சே திரும்ப வந்தது. இன்னொரு முறை இழுத்தாள். பாதிதான் வந்தது.

"சுபைதா!" என்று கத்தினாள். சத்தம் யானைத் தலைக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. சுபைதா மேடைக்குப் பின்னால் ஆறாவது ஆளுக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா இரண்டு கைகளாலும் பின்கழுத்தை அடித்தாள். பஞ்சு பஞ்சின்மேல் மோதியது. கொக்கியில் விரல் படவில்லை. அரங்கில் முதல் சிரிப்பு எழுந்தது. தலையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். கால் தடுக்கிக் குப்புற விழுந்தாள். அரங்கமே குலுங்கியது.

கண்ணுக்குள் மின்மினிகள் பறந்தன. தவழ்ந்தாள். மேடை விளிம்பில், முதல் வரிசையில் பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் எழுந்து வந்தார். வந்துவிட்டார் என்று அவள் உடம்பெல்லாம் ஒரு கணம் தளர்ந்தது. அவர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, யானையின் தோளில் கைபோட்டு, தன் மனைவி இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "எடுத்துட்டியா?" என்று கேட்டார். மனைவி தலையசைத்ததும் இடத்துக்குத் திரும்பினார்.

செத்துப்போவேன் என்று ஜெசிந்தாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலை உதைத்தாள். வலைக்கு அப்பால் பச்சைப் புள்ளிகள் அசையாமல் எரிந்தன. அத்தனையும் தன்னையே பார்க்கின்றன, ஒன்றுகூட எழுந்து வரவில்லை. அந்தப் பயம் மூச்சு இல்லாத பயத்தைவிடக் கொடியதாக இருந்தது. கால் ஓய்ந்தது. கைதட்டல் எங்கோ தூரத்தில் மழைபோலக் கேட்டது.

அவளிடம் வந்தது தரைத்துடைப்பி. முழங்கால் உயர எந்திரம். மேடையில் எது அசையாமல் கிடந்தாலும் அது குப்பை. குப்பையைத் தரம் பிரித்தே எடுத்துப்போக வேண்டும் என்பது அதற்குக் கொடுத்திருந்த கட்டளை. துணி தனி, மற்றது தனி. தன் இரும்பு விரலால் அது யானையின் கழுத்தைத் தடவிப் பார்த்தது. தையலைக் கிழித்துத் தலையைப் பிடுங்கித் துணிக் கூடையில் போட்டது. உள்ளே இருந்த முகத்தைப் பார்த்ததும், "இது குப்பை அல்ல" என்று அறிவித்துவிட்டு நகர்ந்தது.

ஜெசிந்தா காற்றை இழுத்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தேர்வு அதிகாரி சங்கரலிங்கம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "தொண்ணூற்றெட்டு மார்க் மேடம்! இதுவரைக்கும் யாரும் எழுபதத் தாண்டுனதில்ல. அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம், மூச்சு முட்டுற மாதிரி பண்ணீங்க பாருங்க, அபாரம்."

"மாதிரி இல்ல சார். நெசமாவே காத்து வரல. நின்னுபோச்சு."

அவர் முகம் மாறியது. "அடடா. இப்பவே அதைச் சரிபார்க்கச் சொல்றேன்" என்று அழைப்பு மணிமேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"சரிபண்ணிட்டா இதே மாதிரி வருமா மேடம்?"

ஜெசிந்தா மணிமேல் நின்ற அந்த விரலையே பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. தினம் நாலு காட்சி. ஒவ்வொரு காட்சியிலயும் ஒரே ஒரு நிமிஷம் நாங்களே நிறுத்துவோம். பக்கத்துலயே டாக்டர் இருப்பார். வேணாம்னா சொல்லிடுங்க, அடுத்த மார்க் வாங்கினவரைக் கேட்டுக்கறேன்."

ஒப்பந்தம் மேசைமேல் ஒளிர்ந்தது. ஒரு நாளைக்கு நான்கு நிமிடம். மகளோடு இருக்கும் மிச்ச நேரமெல்லாம் அதற்குப் பதில். அவள் கட்டைவிரலை வைத்தபோது, பதிந்த ரேகை வேர்வையில் கலைந்திருந்தது. இரண்டாம் முறை வைக்கச் சொன்னார்.

வெளியே மரீனா துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, நீதான் பர்ஸ்ட்டாம்லா! எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுல உன்னத்தான் பாத்துட்டு இருக்காங்க. நான் எடுத்ததுதான் ரொம்பத் தெளிவா இருக்காம், எழுபதாயிரம் பேரு பாத்துட்டாங்க!"

ஜெசிந்தா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். இனி அனுப்பமாட்டார்கள். அது போதும். பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள், அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா சும்மா நடிச்சேன்னுதானே நினைச்ச?"

"இல்லம்மா. எனக்குத் தெரியும். ராத்திரி கெட்ட கனவு வந்தா நீ இப்படித்தானே காலை உதைப்ப. நெசமாவே உனக்கு மூச்சு முட்டுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஜெசிந்தாவின் கைகள் நழுவின. "பெறகு ஏன்ட்டி நீ எந்திரிச்சு வரல? யார்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

மரீனா அம்மாவை வியப்போடு பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பதுபோல.

"எந்திரிச்சா படம் ஆடிப்போகும்லாம்மா."

நடைபாதையிலேயே ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள். அவளை அறியாமல் அழுகை பீறிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகளின் சின்னக் கை தன் தோளைத் தொடும் என்று எதிர்பார்த்தாள். தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

மரீனா இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைக் கொஞ்சமும் அசைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணோரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.