தொங்குபாலம் தாண்டி ஒரு வீடு

பல் டாக்டரும் அவர் மனைவியும் சூப்பைத் தொடவில்லை.

கணவாய் விடுதியில் அப்படி நடந்ததே கிடையாது. நாள் கணக்கில் நடக்க வேண்டிய அந்த மலைப்பாதையில் அதுதான் உச்சி. அடிவாரத்திலிருந்து விடியலில் கிளம்பி, பைன் காட்டைக் கடந்து, காற்றில் முனகும் தொங்குபாலத்தில் ஊசலாடி, பிளந்த பாறையின் இடுக்கில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போகும் கற்குவியல் மேட்டையும் ஏறி வருகிறவர்கள், முதுகுப் பையை இறக்குவதற்கு முன்பே அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டுவார்கள். இவர்கள் இருவரும் கிண்ணத்தைப் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உப்பு கூடிடுச்சா?" என்று கேட்டாள் விடுதிக்காரி.

"அதெல்லாம் இல்லைங்க. பசிக்கல."

அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள். வழியில் எந்த இடம் ரொம்பப் பிடித்தது? அது அவள் கணவன் கேட்டுவந்த கேள்வி. போன குளிர்காலம் பாதையில் விழுந்த பனியை ஒதுக்கப் போனவன் திரும்பவில்லை. பனிச்சரிவு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல அவன் கேள்வியையும் தினமும் கேட்டுவந்தாள். பதில்கள் காதில் விழும், உள்ளே போகாது.

"பாலம் தாண்டினதும் வருமே, அந்த வீடு" என்றார் டாக்டர். "அப்படி ஒரு இடத்துல கூப்பிட்டு உட்கார வச்சு சாப்பாடு போடுறாரே, பெரிய மனசு."

"அங்க வீடு ஏதும் இல்லையே."

டாக்டரின் மனைவி சிரித்தாள். "ஒருவேளை உங்களுக்குப் போட்டின்னு சொல்ல மாட்டேங்கிறீங்களோ?"

பாலத்துக்கும் பிளந்த பாறைக்கும் நடுவே ஒருபக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். ஒரு நாய் சுருண்டு படுக்கக்கூட அங்கே இடமில்லை. உயரத்தில் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், இல்லாதது தெரியும். பார்த்திருக்கிறாள்.

அன்று படுக்கைக்கூடத்திலிருந்து சத்தமே வரவில்லை. நடந்து களைத்தவர்கள் படுத்தால் மர அறுவை ஆலைபோல இருக்கும். குறட்டை, முனகல், கட்டில் கிரீச்சிடுவது, தூக்கத்தில் யாரோ யாரையோ திட்டுவது. அன்று கூரைத் தகரத்தில் காற்று உரசுவது மட்டும் கேட்டது. விடிந்ததும் அவள் கதவைத் திறந்தபோது இருவரும் மல்லாந்து, போர்வை கசங்காமல், கண்களைத் திறந்துவைத்துப் படுத்திருந்தார்கள்.

"தூங்கலையா?"

"வரல. ஆனா அலுப்பும் இல்ல" என்றார் டாக்டர், அதில் ஆச்சரியம் ஏதும் இல்லாதவர்போல. அவர்கள் கணவாயைத் தாண்டி ஏரிப்பக்கம் இறங்கிப் போனதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். இருவரும் ஒரே சீராக நடந்தார்கள். மூச்சு வாங்க ஒருமுறைகூட நிற்கவில்லை.

அதன் பிறகு வந்த சிலரும் கிண்ணத்தைத் தொடவில்லை. அடுத்து வந்த மூன்று நர்ஸுகளும் சாப்பிடவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து வருவதைப் பார்த்து, வாயாடிகளாக இருப்பார்கள் என்று தூரத்திலிருந்தே நினைத்திருந்தாள். மூவரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள்.

"கீழே ஒருத்தர் வயிறு முட்டப் போட்டுட்டார்" என்றாள் மூத்தவள். "'வயிறு நிறைஞ்சா பாதி மலை இறங்கின மாதிரி'ன்னு சொல்லிச் சொல்லிப் போட்டார்."

கரண்டி விடுதிக்காரியின் கையிலேயே நின்றது. அந்தப் பேச்சு இந்த அடுப்படியில் பிறந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒருமுறை சொல்லி அவளைச் சலிக்கவைத்தவன் ஒருவன்தான்.

"ஆள் எப்படி இருந்தார்?"

மூத்தவள் யோசித்தாள். மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்களும் யோசித்தார்கள்.

"முகம் ஞாபகம் வரலையே" என்றாள்.

பயப்பட வேண்டும் என்று விடுதிக்காரிக்குத் தெரிந்தது. மரத்துப்போன காலில் முள் குத்தினால் குத்தியது தெரியுமே தவிர வலிக்காதே, அப்படித் தெரிந்தது. சோற்றுப் பானையை மூடினாள். அவளும் அன்று சாப்பிடவில்லை. அவன் போனதிலிருந்து அவளுக்கும் பசி என்று ஒன்று இல்லை. அடுப்பு எரிவதால் ஏதோ விழுங்கிவந்தாள்.

மறுநாள் மத்தியானம் கொழுந்தன் வந்தான். வாரம் தவறாமல் கோவேறு கழுதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிவருகிறவன். 'அண்ணி, என் வயித்துல ஓட்டை' என்று வளைவிலேயே குரல் கொடுத்துக்கொண்டு ஏறுவான். வந்து இரண்டு தட்டு காலிசெய்த பிறகுதான் அவனுக்கு மனிதர்கள் கண்ணில் படுவார்கள்.

இன்று குரல் வரவில்லை. கழுதைகள் வாசலில் வந்து நின்று, காதுகளைப் பின்னே மடக்கி, அவனைவிட்டு விலகி விலகிக் கயிற்றை இழுத்தன. அவன் உள்ளே வந்து அடுப்புக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்தான். அவனிடம் வியர்வை வாடை இல்லை. கழுதை வாடைகூட இல்லை.

அவள் தட்டை வைத்தாள்.

"வேணாம் அண்ணி. வழியில சாப்பிட்டேன்."

"எங்க?"

அவன் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"யார் கையால சாப்பிட்ட? சொல்லு."

"அண்ணன் கையாலதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். சால்வையை எடுத்தாள். "இங்கேயே இரு. எங்கேயும் போகாதே" என்றாள். அவன் தலையாட்டினான். நிழல் நகர்ந்ததுபோல இருந்தது.

கற்குவியல் மேட்டைத் தாண்டும்போது மேகம் இறங்கியது. கண்ணுக்கு முன்னால் இரண்டு எட்டுப் பாதை, அதற்கப்பால் வெள்ளை. ஈரக் கல்லின் வாடை, எங்கோ பாலத்தின் கம்பிகள் முனகும் ஒலி, அவள் மூச்சு அவள் காதிலேயே திரும்பி வந்து மோதும் சத்தம். சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். பிளந்த பாறையின் இடுக்கில் நுழைந்தபோது இரண்டு பக்கமும் பாறை தோளை உரசியது. வெளியே வந்தாள்.

விறகுப் புகை வாடை.

நின்றாள். இடது கை சுவரில் இருந்தது. வலதுபக்கம், பாதாளம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஜன்னல் வெளிச்சம்.

பலகைச் சுவர். தகரக் கூரை. கதவு திறந்திருந்தது.

உள்ளே நீள மேசை. பல் டாக்டர் இருந்தார். அவர் மனைவி. மூன்று நர்ஸுகள். யார் யாரோ, அவள் சோறு போட்டும் சாப்பிடாமல் போனவர்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்து, இரண்டு கையாலும், ஆவலாக.

கடைசி ஆள் கொழுந்தன்.

மேலே விட்டு வந்தவன். கழுதைக் கயிறு இன்னும் தோளில் கிடந்தது. அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். கண்ணீர் கன்னத்தில் உறைந்திருந்தது. அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். கை நிற்கவில்லை. வாயை அடைத்தது.

கிண்ணங்களில் ஆவி இல்லை.

பனி. வெறும் பனி. அள்ளி அள்ளித் தின்றார்கள். உதடுகள் வெடித்திருந்தன. மூத்த நர்ஸின் கிண்ணத்தில் பனி சிவந்திருந்தது. தீர்ந்ததும் அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

நீட்டிய கிண்ணத்தில் கரண்டி இறங்கியது. கரண்டி பிடித்த கையை விடுதிக்காரிக்குத் தெரியும். அந்தத் தோளைத் தெரியும். அவன் திரும்பவில்லை.

"வந்துட்டியா" என்றான். "உட்காரு."

அவள் திரும்பி ஓட நினைத்தாள். அப்போது வந்தது. அடிவயிற்றிலிருந்து, குடலைப் பிடித்துத் திருகிக்கொண்டு, மாதக்கணக்காக அவளிடம் இல்லாதது. பசி.

கால்கள் மடங்கின. பெஞ்சு இருந்தது. கிண்ணம் இருந்தது. விரல்கள் போயின. முதல் வாய். நாக்கு எரிந்தது. இரண்டாவது. போதவில்லை. இன்னும். இன்னும். அவளுக்கு இப்போது எல்லாம் வலித்தது, பல், தொண்டை, நெஞ்சு, அவன் போன நாளிலிருந்து வலிக்காதது அத்தனையும். அழுகையும் வந்தது. கை நிற்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மேகம் சற்று விலகியது. பாதையில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். அதே சால்வை, கலையவில்லை. மூச்சு வாங்கவில்லை. பிளந்த பாறையின் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து, விடுதியைப் பார்த்து, ஒரே சீராக, அவள் போய்க்கொண்டிருந்தாள்.