பதினேழு திராட்சைக் குலைகள்

காலை பத்து மணி. ஸ்டேஷன் போன் அலறியது.

"கொலைங்க! ஓடி வாங்க!"

எஸ்.ஐ. நாகஜோதி ஜீப்பில் பறந்தாள். உத்தமபாளையத்தில் போன் வந்த அந்த வீட்டைத் தெரியாதவர் கிடையாது.

உள்ளே பிணம் இல்லை! ஆறடி ஓவியம் ஒன்றுதான் நின்றது.

எதிரே ஓவியர் பிலவேந்திரன், தலையில் கை வைத்தபடி. நாற்பது வருஷமாகக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை மட்டுமே வரைந்து பேர் வாங்கியவர்.

"யாரு சார் செத்தது?"

"எம்படம்! பதினோரு மணிக்கு விருதுக் கமிட்டி வருது. வாழ்நாள் விருது! இதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாக... எவனோ வெட்டிப்புட்டான்!"

நாகஜோதி குனிந்து பார்த்தாள்.

மலை இருந்தது. பந்தல், கொடி, இலை, மூலையில் கொட்டை எழுத்தில் அவர் கையெழுத்து... எல்லாம் பத்திரம்.

பதினேழு திராட்சைக் குலைகளை மட்டும் காணோம்! குலை இருந்த இடமெல்லாம் ஓட்டை.

பிசிறில்லாத வெட்டு. ஒவ்வொரு பழத்தின் வளைவிலும் பிளேடு நிதானமாகத் திரும்பியிருந்தது. ஆத்திரக்காரன் இப்படி வெட்ட மாட்டான்.

"புகார் எழுதிக் குடுங்க."

எழுதினார். அவர் விரல்களில் பச்சையும் காவியும் அப்பியிருந்தன. திராட்சையின் ஊதா மருந்துக்குக்கூட இல்லை.

அவர் மனைவி ஞானசெல்வி காபி நீட்டினார். டம்ளரைப் பிடித்த நக இடுக்கில்...

ஊதா!

நாகஜோதி அந்தம்மா பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள்.

"குலையெல்லாம் எங்கம்மா?"

அந்தம்மா அசரவில்லை.

"அரிசிப் பானைல."

"ஏன்?"

"முப்பது வருஷமா பழம் பூராம் நான் வரஞ்சது, தாயி. அவுக வரஞ்சா கத்திரிக்கா மாதிரி இருக்கும். இந்தப் படத்துலயாச்சும் எம்பேரையும் போடுங்கன்னேன். சிரிச்சாக! அதான், எம்பங்க மட்டும் எடுத்துக்கிட்டேன்."

நாகஜோதிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

வாசலில் கார் சத்தம்... கமிட்டி!

தலைவர் சுருளிராஜன் ஓட்டைகளை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அற்புதம்! காய்ப்பு நின்னுபோன தோட்டம்! விவசாயி வயிறு மாதிரி வெறுமை! இந்த வெட்டுதான்யா கலை... யாரு யோசன?"

பிலவேந்திரன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"நான்தான்! எங்கையாலயே வெட்டுனேன்!"

அடப்பாவி மனுஷா!

நாகஜோதி புகாரை விரித்துப் பிடித்தாள்.

"'எவனோ வெட்டிட்டான்'னு இப்பத்தான் எழுதிக் குடுத்தீக. பொய்ப் புகாருக்கு ஜெயிலு உண்டு, சார். படத்துலயும் உங்க கையெழுத்து, இதுலயும் உங்க கையெழுத்து... எது பொய்?"

ஒரு பக்கம் விருது. ஒரு பக்கம் விலங்கு!

பிலவேந்திரனுக்கு வேர்த்துக் கொட்டியது. விரல் மெதுவாக அடுப்படிப் பக்கம் நீண்டது.

"அ... அவதான்! வெட்டுனதும் அவ... பழத்த வரஞ்சதும்..."

சுருளிராஜன் கைகூப்பியபடி அடுப்படி வாசலுக்கு நடந்தார்.

"அம்மா, உங்க பேரு?"

முப்பது வருஷத்தில் படம் பார்க்க வந்த ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. ஞானசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. பேரைச் சொல்லவே நேரம் பிடித்தது.

"அப்ப என் கேசு?" பிலவேந்திரன் அலறினார்.

நாகஜோதி புகாரை நான்காக மடித்தாள்.

"களவு போன பொருள் கெடச்சிருச்சு, சார். உரியவுககிட்டயே பத்திரமா இருக்கு... அரிசிப் பானைல!"