குடி மறந்தோர் சங்கத்தில் ஒரு பிணம்

வாசிகசாலைக் கதவைத் தள்ளித் திறந்தான் அப்புத்துரை.

உள்ளே கூட்டம் இல்லை.

ஒரு பிணம்தான் இருந்தது...

1962. வட்டக்கச்சி. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி.

அப்புத்துரை குடியை விட்டு ஆறு நாள். மனைவி இராசேஸ்வரி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். குடி மறந்தோர் சங்கத்தில் சேர்ந்தால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். தர்மபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன், சங்கம் எங்கே என்று வழியில் மூன்று பேரிடம் கேட்டான்.

மூன்று பேரும் சிரித்துக்கொண்டு சாராயத் தவறணைக்கு வழி காட்டினார்கள்.

நாலாவதாகக் கேட்ட தேத்தண்ணிக் கடை மீராசாகிபு மட்டும் சிரிக்கவில்லை. "வாசிகசாலையிலை, தம்பி. நடராசா மாஸ்ரர்தான் தலைவர். நல்ல மனிசன்."

அந்த நல்ல மனிதர் இப்போது மர வாங்குக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் இரத்தம். பக்கத்தில் பாதிப் போத்தல். சட்டையெல்லாம் கள்ளமாக வடித்த கசிப்புச் சாராய நாற்றம்.

அப்புத்துரை போட்ட கூச்சலில் ஊர் கூடியது. சற்று நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் கதிர்காமநாதன். அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டவர் சங்கச் செயலாளர் தில்லைநாதன். பலசரக்குக் கடைக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் என்று பெயர்.

"சொல்ல வெக்கமாக் கிடக்கு ஐயா..." தில்லைநாதன் சால்வையால் கண்ணைத் துடைத்தார். "மாஸ்ரர் ஒளிச்சுக் குடிக்கிறவர். இண்டைக்குக் கூடிப்போச்சுது போலை."

"இவன் ஆர்?"

"பிணத்தோடை நிண்டவன் ஐயா. மூஞ்சையைப் பார்க்கவே தெரியேல்லையே? குடிகாரன்."

செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் அப்புத்துரையைப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சனீங்கள். சண்டை வந்தது. நீ அடிச்சனீ. சரியோ?"

"நான் விட்டிட்டன் ஐயா."

"எப்ப?"

"ஆறு நாள்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் கூட வந்த கான்ஸ்டபிளும் சிரித்தார்.

அப்புத்துரை கையெடுத்துக் கும்பிட்டான். கொலை என்றால் தூக்கு...

"ஒரு சொல்லுக் கதைக்க விடுங்கோ ஐயா. பதினைஞ்சு வருசம் குடிச்சனான். நான் படிச்ச ஒரே படிப்பு அதுதான். மாஸ்ரரின்ரை வாயை மணந்து பாருங்கோ."

"என்ன?"

"சட்டை நாறுது. வாய் நாறேல்லை. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகேல்லை. ஆரோ அடிச்சுப்போட்டுப் பிறகு ஊத்தியிருக்கினம். குடிகாரன் பிணத்துக்கு மேலை ஊத்தமாட்டான் ஐயா. தான் குடிப்பான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து மணந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

போத்தலை எடுத்து அப்புத்துரையின் மூக்கடியில் பிடித்தார். "இது ஆர் வடிச்ச சாமான் எண்டு சொல்லுவியோ?"

அப்புத்துரைக்கு நாக்கு ஊறியது. ஆறு நாளும் ஒரு நொடியில் கரைந்துபோகப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை மட்டும் இழுத்தான்.

"கழுநீர்" என்றான்.

தில்லைநாதனின் புருவம் துள்ளியது.

அப்புத்துரை அதைக் கண்டுவிட்டான்.

கசிப்பைக் கழுநீர் என்றால் குடியாத மனிதருக்கு ஏன் நோக வேண்டும்...?

வார்த்தையால் இன்னும் கொஞ்சம் காறித் துப்பிப் பார்த்தான்.

"அழுகின பப்பாப்பழத்திலை வடிச்சிருக்கிறான் ஐயா. மாடும் மணந்து பாராது."

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். "ஐயா, இவன்ரை கதையைக் கேட்டு..."

"செப்புக் குழாய் வாங்க வக்கில்லை. சைக்கிள் ரியூப்பாலை இறக்கியிருக்கிறான். பீப்பாவைக் கழுவின பழக்கமும் இல்லை. ஊத்தையன். தொழில் தெரியாத மொக்கன்..."

"ஆரடா மொக்கன்?" தில்லைநாதன் கத்தினார். "அசல் பனங்கட்டியிலை வடிச்சது. செப்புக் குழாய். மூண்டு தரம் சாம்பல் போட்டுக் கழுவின பீப்பா. இதைக் குறை சொல்ல இந்த வன்னியிலை ஒருத்தன்..."

நிறுத்தினார்.

நிறுத்தியது பிந்திப்போயிற்று.



"பிறகு?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "சொல்லும் தில்லைநாதன். பனங்கட்டி எவ்வளவு போடுவீர்?"

கதிரையைத் தேடிச் சரிந்தார் திருநீற்றுக்காரர். பிறகு எல்லாம் வந்தது. குடியை விட வருகிறவர்களின் பெயர், ஊர் எல்லாம் செயலாளரின் கையில்தான். அவர்கள் ஆசை தாங்காமல் தவிக்கும் நேரம் பார்த்து ஆள் விட்டுக் கசிப்பு விற்றார். நடராசா மாஸ்ரர் அதைக் கண்டுபிடித்தார். இன்று கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லப்போவதாக மத்தியானம் கடைக்கே வந்து சொன்னார்.

தில்லைநாதன் கூட்டம் இல்லை என்று உறுப்பினர்களுக்குச் சொல்லியனுப்பினார். தலைவரிடம் சொல்லவில்லை. வாசிகசாலைக்கு வந்து காத்திருந்த மாஸ்ரரைத் தராசுப் படிக்கல்லால் பின்னாலிருந்து அடித்தார். புதிதாக ஒருவன் கூட்டம் தேடி வருவான் என்று யார் கண்டது?

விலங்கோடு ஜீப்பில் ஏறினார் செயலாளர். ஊர் வழிவிட்டு நின்று, அவர் பூசிய திருநீற்றின்மீதே துப்பியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"கெட்டிக்காரன்ரா நீ. ஆனா இனி எங்கை போய்ச் சேருவாய்? தலைவர் செத்திட்டார். செயலாளர் மறியற்சாலைக்குப் போறார். மற்ற ஆக்களும் இனி இந்தப் பக்கம் வரமாட்டினம். உன்ரை சங்கம் முடிஞ்சுது."

"இல்லை ஐயா. இன்னும் ரெண்டு பேர் இருக்கிறம்."

"ரெண்டு பேரோ? மற்றவன் ஆர்?"

அப்புத்துரை காற்றை ஒருமுறை மெல்ல இழுத்தான்.

"மத்தியானம் நீங்கள் எடுத்தது தவறணைச் சாராயம். மணத்தை மறைக்க மேலை கராம்பு சப்பியிருக்கிறியள். அடுத்த சனி நாலு மணி ஐயா... யூனிபோர்ம் வேண்டாம், சாரத்தோடை வாங்கோ."