அவள் குரலில் இன்னொருத்தி

வாசல் பூட்டில் சாவியை நுழைத்தபோதே, உள்ளே தன் குரல் சிரிப்பது அவளுக்குக் கேட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாகத் தினமும் சாயங்காலம் கேட்பதுதான். ஆனால் சிரித்து முடித்த கையோடு அந்தக் குரல், "என்ன ஹீரோ, அதுக்குள்ள களைச்சுட்டீங்களா?" என்றதே, அங்கேதான் அவள் கை சாவியோடு நின்றுவிட்டது. ஹீரோ என்று அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டதெல்லாம் கல்யாணமான புதிதில். ஆஸ்பத்திரியில் வாய் தவறிக்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும்.

பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், தலை சீவவும் மறுபடி பழக்கிவிடுவது அவள் வேலை. பொறுமையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று வார்டு முழுக்கப் பேச்சு. அதனால்தான் வீட்டிலிருந்தபடியே பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரி ஒரு பெட்டி செய்தபோது, அதற்கு யார் குரல் வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. பஞ்சு ஒட்டிய ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, "அவசரமே இல்ல", "அப்படித்தான்", "நம்ம கைதானே, நாம சொன்னா கேக்கும்" என்றெல்லாம் தேனொழுகப் பேசிக் கொடுத்தாள். பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில், ஸ்டூடியோவில் யாரையோ படம் எடுத்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் கேமராவோடு கீழே விழுந்தார். வலது கை போயிற்று, வலது காலையும் தடி ஊன்றி இழுத்துத்தான் நடக்க வேண்டியதாயிற்று.

முதல் பெட்டி அவள் வீட்டுக்குத்தான் வந்தது. ஒரு திரை, பொட்டு மாதிரி ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர், விரல்களை உசுப்பிவிட லேசாக மின்சாரம் பாய்ச்சுகிற ஒரு கைப்பட்டை, அவ்வளவுதான். அனுமதிக் கையெழுத்து இரண்டு வேண்டியிருந்தது. நோயாளியின் சார்பில் உறவினர் ஒன்று, விளக்கிச் சொன்ன சிகிச்சையாளர் ஒன்று. இரண்டையும் அவளே போட்டாள். மற்ற நோயாளிகளிடம் பெட்டி எதைக் கேட்கும், எதைப் பார்க்கும், எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று வரி வரியாகச் சொல்லுகிறவள், நம்ம வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது வயிறு எரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை மரக்கட்டை. கெஞ்சினால் அசையாது, அதட்டினால் இன்னும் இறுகும். அந்தப் பெட்டி கூப்பிட்டால் மட்டும் விரல் ஒவ்வொன்றாக எழுந்து உட்காரும். நாள் முழுக்க ஊராருக்குப் பொறுமையை வாரி வழங்கிவிட்டு, வீட்டுக்கு வரும்போது அவளிடம் மிச்சமிருப்பது எரிச்சல்தான் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"அது கூப்பிட்டா மட்டும் கை நல்லா வருதே," என்றாள் அன்று, பையை வைத்த கையோடு.

"அவ கத்த மாட்டா," என்றார் அவர்.

"அவளாம் அவ! அது என் குரல்ங்க. நான்தான் அது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இல்ல," என்றார். தன் குரலே தனக்குச் சக்களத்தியாக வந்து வாய்த்த கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது? சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெட்டிகளைக் கவனித்துக்கொள்கிற கம்ப்யூட்டர்காரரைப் பிடித்தாள்.

"என் குரலை எடுத்துடுங்க. வேற யார் குரலையாவது வைங்க."

"அவரு சம்மதிக்கணும் மேடம். அவருதான பேஷன்ட்?"

"நான் பேசாததெல்லாம் அது பேசுது."

"வீட்ல காதுல விழறதை வெச்சுக் கத்துக்கும் மேடம். அதுக்கும் சேத்துத்தான் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "சார் பரவால்லையே, நாம குடுத்த பயிற்சிக்கு மேல தானா ஒண்ணு சேத்துக்கிட்டு, தினமும் மத்தியானம் விடாம செய்யறாரு."

"என்ன பயிற்சி?"

"அதைச் சொல்ல முடியாது மேடம். வீட்டுக்காரங்களுக்குத் தெரிய வேணாம்னு அவரே சொல்லியிருக்காரு. அது அவரோட உரிமை. நீங்கதான எங்களுக்கு இதெல்லாம் வகுப்பு எடுத்தீங்க?"

மூக்கு உடைந்தது. மத்தியானம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தனக்குத் தெரியாமல் அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு ரகசியம் என்ற நினைப்பே வழி நெடுக அவளை அரித்தது.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தபோது, வீடு பட்டப்பகலிலேயே விளக்கணைத்த மாதிரி இருண்டு, ஈரத்துணியும் தைலமும் கலந்த வாடையோடு, எங்கோ குழாய் சொட்டுகிற சத்தத்தையும் ஜன்னல் கம்பியில் மழை தட்டுகிற சத்தத்தையும் தவிர வேறொன்றும் இல்லாமல், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போலக் கிடந்தது. அவர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தன் குரல் குசுகுசுவென்று பேசுவதும் அவர் 'ம்' கொட்டுவதும் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை.

பெட்டியின் ஒயர் கதவுக்கு அடியில் வந்து நடையில் இருக்கிற பிளக்கில் முடிகிறது. கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவள் மனசில் ஒரு குறுக்குப் புத்தி எட்டிப் பார்த்தது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். குசுகுசுப்பு நின்றது.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி மனசுக்குள் கையைப் பார்க்கச் சொல்வதும் அவளுடைய முறைதான்.

"எங்க போயிட்ட?" என்றார்.

அவள் தொண்டையைச் செருமாமல், ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தாள். "இங்கதான் இருக்கேன் ஹீரோ."

அவர் முகம் மலர்ந்தது. மடியில் இருந்த துண்டுச் சுருளை எடுத்தார். இரண்டு கையாலும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பட்டை மேசை மேல் கிடந்தது. பட்டை இல்லாமலே அந்த வலது கை விரிந்து, சுருளைச் சுற்றி வளைந்து, கட்டைவிரல் எதிர்ப்பக்கமாக வந்து உட்கார்ந்தது. அவளுக்காக! அவள் சொல்லி! சந்தோஷத்தில் கண்ணீர் முட்டியது. அது நானில்லை என்றாரே, இப்போது என்ன சொல்வார்?

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. மூச்சை அடக்காதீங்க... அவசரமே இல்ல."

அவர் இறுக்கினார். துண்டு நசுங்கியது. கை நரம்பு புடைத்தது.

"துண்டு பழகிடுச்சு," என்றார். "எப்ப செய்யலாம்?"

"எதை, ஹீரோ?"

அவர் செல்லமாகச் சிரித்தார். "சொல்லிக் குடுத்தவளே கேக்கறா பாரு. முதல்ல மெத்துன்னு இருக்கறது. அப்புறம் கெட்டியானது. அப்புறம் அசையறது."

பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுகிற முறை அது. வருஷக்கணக்காக அவள் சொல்லிக்கொடுப்பது. பஞ்சு, துண்டு, அப்புறம் உயிருள்ள ஒன்று. நாய்க்குட்டியைப் பிடிக்க வைப்பாள், குழந்தையின் கையைப் பிடிக்க வைப்பாள்.

"அசையறதுன்னா?"

"அவதான். சாயங்காலம் வருவால்ல? அவ போயிட்டா வீட்ல சத்தமே இருக்காது. நீயும் நானும்தான்."

சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடு. வாசல் எட்டு எடுத்து வைக்கிற தூரம்தான். அடி எடுத்து வைக்கப் போனாள்.

"ஹீரோ," என்றது அறைக்குள்ளிருந்து அவள் குரல். "அவ கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறா."

அவள் கையில் பிளக் இருந்தது. ஒயரோடு. இருட்டில் திரை இருட்டாகவே இருந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு காலடி. ஒரு இழுப்பு. காலடி. இழுப்பு. தடியை அவர் எடுக்கவில்லை. கதவு மெல்ல உள்பக்கம் திறந்தது. ஓட நினைத்தவள் ஓடவில்லை. திறக்கிற கதவையே பார்த்தபடி நின்றாள்.

கத்தக் கூடாது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கத்தினால் யாரென்று தெரிந்துவிடும். கத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஹீரோ, நான்தான்," என்றாள் மெதுவாக.

"ஹீரோ, நான்தான்," என்றது அறை. அதே நேரத்தில். அதே இழைவோடு.

அவர் நின்றார். கண் இன்னும் மூடியே இருந்தது. தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. எது எதுவென்று அவருக்குத் தெரியவே இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

சொன்னாள். அறையும் சொன்னது.

அவர் வலது கையைத் தூக்கினார். அவள் நாளெல்லாம் கெஞ்சியும் எழாத கை. இருட்டில் துழாவி வந்தது. அவள் தோளைத் தொட்டது. தோளிலிருந்து மேலே ஏறியது. தொண்டையில் பூ மாதிரி படிந்தது.

"சொல்லு," என்றார் மறுபடியும்.

"நான்... தான்..."

விரல் நுனிக்குக் கீழே அந்தச் சத்தம் அதிர்ந்தது. அவர் முகத்தில், கல்யாணமான புதிதில் அவள் பார்த்த அந்தச் சிரிப்பு வந்தது.

"அசையுது," என்றார்.

ஒவ்வொரு விரலாக, தனித்தனியாக, அவள் கற்றுக்கொடுத்த அதே வரிசையில் மடங்கியது. கட்டைவிரல் எதிர்ப்பக்கமாக வந்து உட்கார்ந்தது. இடது கையும் வந்து சேர்ந்தது.

"அப்படித்தான் ஹீரோ," என்றது அவள் குரல், தேனொழுக. "இன்னும் கொஞ்சம். அவசரமே இல்ல."

நடையில், அவளுடைய வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை.